தராசுக் கோலும் பாட்டு ஊசியும்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டுக் கடைக்கு வந்தபோது, "கல்வெட்டு, ஓலைச்சுவடி எல்லாம் போதும் நயினார், இந்தத் தடவை நம்ம ஜனங்க வீட்ல கிடக்கிற ஏதாவது ஒரு பொருளோட சரித்திரத்தை எழுதுங்களேன்" என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். போன தடவை நான் எழுதியதைப் பிழை திருத்தியவரைத் தவிர வேறு யாரும் முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். கல்கத்தாவில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பரண் மேலோ கட்டிலடி டிரங்குப் பெட்டியிலோ பத்து இசைத்தட்டாவது இல்லாத வீடு குறைவு. இப்போது பேரன் பேத்திகள் புது டர்ன்டேபிள் வாங்கிக்கொண்டு வந்து, "தாத்தாவோட ரிக்கார்டு எங்கே?" என்று தேடுகிறார்கள். தட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தட்டின் மேல் போகிற ஊசியையும், அந்த ஊசியைத் தாங்குகிற கையையும் பற்றித் தமிழில் நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் அதை எடுத்துக்கொண்டேன்.

நான் எஞ்சினியர் அல்ல. சங்கீதமும் கேள்வி ஞானம்தான். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1950களில் கல்கத்தா வந்த என் தகப்பனார், படாபஜாரில் தராசும் எடைக்கல்லும் விற்கும் கடை வைத்தார். 1958-இல் நாடு மெட்ரிக் எடைக்கு மாறத் தொடங்கியது. சேரும் தோலாவும் போய்க் கிலோவும் கிராமும் வந்தன. ஊரில் இருக்கிற அத்தனை கடைக்காரனும் புதுக் கல் வாங்கியாக வேண்டும். அந்த வியாபாரத்தில்தான் எங்கள் குடும்பம் காலூன்றியது. நானும் அதே கடையில் உட்கார்ந்து, பொற்கொல்லர் தராசிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசு வரை பழகியவன். டர்ன்டேபிளின் கையை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அது தராசுக் கோலாகத்தான் தெரிந்தது. ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் எதிர்க்கல், நடுவில் தாங்கு முனை. இது தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் தப்புப் பண்ணினேன்.

1986 மழைக்காலம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பழைய ஜப்பான் டர்ன்டேபிள் ஒன்று என்னிடம் இருந்தது. எஸ் எழுத்துப் போல வளைந்த கனமான கை, கழற்றி மாட்டக்கூடிய தலை. கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து கிதர்ப்பூரில் ஓர் உயர்ந்த ரகக் கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். கடையின் ஒரு மாத லாபம் அதற்குப் போயிற்று. அது வந்த செய்தி லேக் மார்க்கெட் பக்கம் பரவி, எங்களுக்குப் பழக்கமான ஒரு மாமி தன் பெட்டியிலிருந்து ஓர் எல்.பி. தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மாமியின் கணவர் மிருதங்கம் வாசித்தவர். பெரிய பேர் எடுத்தவர் இல்லை. அந்தத் தட்டின் பின்னட்டையில் கீழே சின்ன எழுத்தில் அவர் பெயர் இருந்தது. அவர் வாசித்து வெளிவந்த தட்டு அது ஒன்றுதான். அவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. "நல்ல மிஷின் வந்திருக்காமே, அவர் வாசிச்சதைச் சுத்தமாக் கேக்கணும்" என்றார்.

புடவைகளுக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்த தட்டு, சற்று நெளிந்திருந்தது. முதல் பக்கம் எப்படியோ ஓடியது. கை ஏறி இறங்கி ஆடுவதைப் பார்த்தும், தட்டு நெளிசல்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் தனி ஆவர்த்தனம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கை துள்ளியது. துள்ளின வேகத்தில் ஊசி உள்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், நாலு மில்லிமீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. நான் விக்கித்துப்போய் நின்றேன். மாமிதான், "விடுப்பா, வேணும்னா பண்ணினே?" என்றார்.

உயர்ந்த கார்ட்ரிட்ஜ், நல்ல கை, அப்புறம் ஏன் இப்படி ஆச்சு? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல வருஷம் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளிலும், ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் ரிக்கார்டுக் கடைகளிலும் அலைந்ததில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

எடிசன் 1877-இல் தகரத்தாள் சுற்றிய உருளையில் குரலைப் பதித்தார். தட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் எமில் பெர்லினர். அவருடைய கிராமபோன் 1887-இல் வந்தது. எடிசன் உருளையில் ஊசி மேலும் கீழும் ஆடும். பெர்லினர் தட்டில் இடமும் வலமும் ஆடும். இந்தப் பக்கவாட்டு ஆட்டம்தான் பின்னால் நிலைத்தது. அந்தக் காலத்தில் மின்சாரமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. கூம்பு வழியாக வீடு முழுவதும் கேட்கிற சத்தத்துக்கான சக்தி மொத்தமும், தட்டைச் சுழற்றும் ஸ்பிரிங்கிலிருந்து வரிப்பள்ளம் வழியாக ஊசிக்கு ஏறி, மைக்காத் தகட்டை அதிரச் செய்து வரவேண்டும். அதனால் ஊசி இருந்த சவுண்ட் பாக்ஸ் கனமாகத்தான் இருக்கவேண்டியிருந்தது. தட்டின் மேல் அது நூறு கிராமுக்கு மேல் அழுத்தியது. எங்கள் கடைக் கணக்கில் சொன்னால் பத்துத் தோலாப் பாரம், ஒரு ஊசி முனையில்.

அதைத் தாங்கியது அரக்குத் தட்டு. சோட்டா நாகபுரிக் காடுகளில் சேர்த்த அரக்கு கல்கத்தாத் துறைமுகம் வழியாக உலகமெங்கும் போய், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாட்டுத் தட்டானது. அந்த அரக்கில் வேண்டுமென்றே கல்பொடி கலந்திருப்பார்கள். தட்டு ஊசியைத் தேய்த்து, சில சுற்றுக்குள் தன் பள்ளத்துக்குச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஊசி தட்டுக்குப் பொருந்துவதற்காகத் தேய வேண்டும். தேய்ந்த ஊசியை மறுபடி போட்டால் அது தட்டைத் தேய்க்கும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற விதி. இருநூறு ஊசி கொண்ட தகர டப்பா அந்தக் காலத்து வீடுகளில் இருந்தது. சிக்கனம் என்று நினைத்து ஒரே ஊசியில் இருபது பாட்டுக் கேட்ட குடும்பங்களின் தட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். வரிகள் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். உள்ளே பாட்டு இருக்காது, சீறல்தான் இருக்கும். இங்கிலாந்தில் சில ரசிகர்கள் இரும்பே வேண்டாம் என்று மூங்கில் நாரிலும் செடி முள்ளிலும் ஊசி செய்து போட்டுக்கொண்டார்கள். சத்தம் குறைவு, தட்டு பிழைக்கும்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் போகமுடியாது. ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் 1902-இல் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் பாட்டைப் பதிவு செய்தபோது, தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். 1908-இல் கிராமபோன் கம்பெனி சியால்தாவிலேயே ஆலை வைத்தது. பிறகு அது டம்டமுக்கு மாறியது. சென்னையில் அந்தக் கம்பெனி பதிவு செய்த தமிழ்ப் பாட்டும் இங்கே அச்சாகித்தான் தெற்கே போயிற்று. உங்கள் வீட்டுப் பழைய தட்டின் லேபிளில் டம்டம் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் போய்விட்டார். அவர் குரல் நமக்குக் கிடைத்ததெல்லாம் இந்த அரக்கு வரியில்தான். உலகமெங்கும் 78 சுற்றுத் தட்டு நின்ற பிறகும் இங்கே 1960களின் பிற்பகுதி வரை அச்சடித்தார்கள். பீட்டில்ஸ் பாட்டும் டம்டமில் 78 சுற்றுத் தட்டாக வந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் அதைத் தேடி அலைகிறார்கள்.

பொருத்தம் என்ற எண்ணம் முதலில் தலைகாட்டியது 1920களில். இரண்டு திசையிலிருந்து வந்தது. ஒன்று இங்கிலாந்து. அங்கே கிராமபோன் என்ற பெயரிலேயே 1923-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதில் 1924-இல் பெர்ஸி வில்சன் என்பவர் ஒரு கேள்வியை எழுப்பினார். தட்டை வெட்டுகிற எந்திரத்தில் வெட்டுளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் போகிறது. நம் வீட்டுக் கருவியில் கை ஒரு முனையில் சுழல்வதால் ஊசி வில் போல வளைந்து போகிறது. அப்படியானால் ஊசி பெரும்பாலான இடத்தில் வரிக்குக் கோணலாகத்தானே நிற்கும்? கணக்குப் போட்டுப் பார்த்து, கையின் தலையைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி, ஊசி முனை தட்டின் நடு அச்சைத் தாண்டிக் கொஞ்சம் நீளுமாறு வைத்தால் கோணல் வெகுவாகக் குறையும் என்று காட்டினார். ஸ்வீடனின் எரிக் லோஃப்கிரென் 1938-இல் ஜெர்மன் மொழியில் இதை முழுக் கணிதமாக எழுதினார். 1941-இல் பேர்வால்ட் என்பவர் ஆங்கிலத்தில் எழுதினார். உலகம் பேர்வால்ட் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுதாதவன் கதி எப்போதும் இதுதான். இன்று கார்ட்ரிட்ஜ் பொருத்தும்போது, நடுவிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் சுமார் 121 மில்லிமீட்டரிலும் ஊசி வரிக்குச் சரியாக நிற்கவேண்டும் என்று அட்டையில் புள்ளி போட்டுத் தருகிறார்களே, அது இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

இன்னொரு திசை அமெரிக்காவின் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடம். மேக்ஸ்ஃபீல்ட், ஹாரிஸன் என்ற இருவர், நீண்ட தொலைபேசிக் கம்பியில் குரல் வீணாகாமல் போகக் கண்டுபிடித்த விதிகளை ஊசிக்கும் தகட்டுக்கும் கூம்புக்கும் பொருத்திப் பார்த்தார்கள். கனம், வளைவு, உராய்வு மூன்றும் மின்சாரச் சுற்றில் இருக்கும் உறுப்புகள் போலவே நடந்துகொள்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரு பாகம் தனியாக எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அடுத்த பாகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் சக்தி திரும்பி அடிக்கும். 1925-இல் மின்சாரப் பதிவு வந்தது இவர்கள் வேலையால்தான். எனக்கு இது புரிந்த அன்று, நம் பெரியவர்கள் ஜாதகம் பார்ப்பது ஞாபகம் வந்தது. பையன் நல்லவன், பெண்ணும் நல்லவள், ஆனால் பொருத்தம் இல்லை என்று சொல்வார்களே!

மின்சாரம் வந்தபின் ஊசி சுமக்கவேண்டிய பாரம் குறைந்திருக்க வேண்டும். சத்தத்துக்கான சக்தியை வால்வு கொடுக்கிறது, ஊசி செய்தி மட்டும் சொன்னால் போதும். ஆனாலும் பழக்கம் லேசில் விடாது. முதல் மின்சாரத் தலைகளும் கனமாகவே இருந்தன. 1948 ஜூனில் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்.பி. தட்டை வெளியிட்டபோதுதான் வேறு வழியில்லாமல் போயிற்று. பழைய ஊசி முனையின் ஆரம் 76 மைக்ரான். எல்.பி. ஊசி 25 மைக்ரான். தட்டும் அரக்கு அல்ல, மெதுவான வினைல். பழைய கனத்தை வைத்தால் உழுதுவிடும். பாரம் பத்துக் கிராமுக்குள் வந்தது. ஆலன் ப்ளூம்லைன் 1931-லேயே இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்த ஸ்டீரியோ முறை, 1958 வாக்கில் கடைத்தெருவுக்கு வந்தது. இப்போது ஊசி இடவலமும் மேல்கீழும் சேர்ந்தே ஆடவேண்டும். பள்ளத்தின் ஒரு சுவர் இடது காதுக்கு, மறு சுவர் வலது காதுக்கு. இத்தனை நுணுக்கமும் வந்தபின் கையைப் பற்றி யோசிக்காமல் இருக்கமுடியாது.

இங்கே விஷயத்தைக் கொஞ்சம் நின்று விளக்கவேண்டும். கார்ட்ரிட்ஜுக்குள் ஊசி ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் இருக்கிறது. குச்சியின் மறுமுனையை ரப்பர் போன்ற ஒன்று பிடித்திருக்கிறது. அந்தப் பிடிப்பு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைக் கம்ப்ளையன்ஸ் என்பார்கள், நாம் நெகிழ்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிநியூட்டன் விசைக்கு, அதாவது கிட்டத்தட்ட ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு பாரத்துக்கு, ஊசி எத்தனை மைக்ரான் நகர்கிறது என்பதுதான் அதன் எண். 8 என்றால் விறைப்பு. 30 என்றால் தொட்டாச்சிணுங்கி.

ஸ்பிரிங்கில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இழுத்துவிட்டால் தன் இஷ்டத்துக்கு ஒரு வேகத்தில் ஆடும் அல்லவா? இங்கே ஊசியின் பிடிப்புதான் ஸ்பிரிங். கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து கல். கல் கனமானால் ஆட்டம் மெதுவாகும். ஸ்பிரிங் நெகிழ்ந்தாலும் மெதுவாகும். நெளிந்த தட்டு ஊசியைத் தூக்கிப் போடுவது பெரும்பாலும் விநாடிக்கு ஆறு ஏழு தடவைக்குள். சங்கீதம் தொடங்குவது விநாடிக்கு இருபதிலிருந்து. ஆகவே கையின் சொந்த ஆட்டம் இரண்டுக்கும் நடுவே, 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் விழவேண்டும். கணக்கு எளிது. மொத்த எடையைக் கிராமில் எடுத்து, நெகிழ்வு எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதனால் 159-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் வந்துவிடும்.

மொத்த எடை என்றேனே, அதில்தான் தராசுக்காரனான நான் ஏமாந்தேன். தராசில் பாரமும் தூரமும் பெருக்கி நேராகிறது. தலையில் 10 கிராம் இருந்தால், பத்தில் ஒரு பங்கு தூரத்தில் 100 கிராம் எதிர்க்கல் வைத்தால் கோல் சமமாக நிற்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆட்டத்துக்கு வேறு கணக்கு. அங்கே தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும். பத்தில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் அந்த 100 கிராம் கல், ஆட்டத்தில் ஒரே ஒரு கிராமாகத்தான் எண்ணப்படும். தலையில் இருக்கும் 10 கிராமோ முழுப் பத்தாகவே எண்ணப்படும். இதை எஃபெக்டிவ் மாஸ் என்கிறார்கள். நான் ஆட்ட எடை என்று எழுதி வைத்துக்கொண்டேன். கையை எடைபோட்டால் தெரியாது. தலைப்பக்கம் எவ்வளவு கனம் என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. எதிர்க்கல்லைத் திருகி ஊசியின் பாரத்தை ஒண்ணேகால் கிராமுக்கு நான் துல்லியமாக வைத்திருந்தேன். பொற்கொல்லர் தராசில் சரிபார்த்தும் வைத்திருந்தேன். ஆனால் ஆட்ட எடை அப்படியேதான் இருந்தது.

இப்போது 1986-இன் கணக்கைப் போடுவோம். தலையோடு சேர்த்துக் கையின் ஆட்ட எடை 20 கிராம். கார்ட்ரிட்ஜ் 6, திருகாணிகள் 1. மொத்தம் 27. நெகிழ்வு 30. பெருக்கினால் 810, வர்க்கமூலம் இருபத்தெட்டரை. விடை 5.6 ஹெர்ட்ஸ். நெளிந்த தட்டு எந்த வேகத்தில் தூக்கிப் போட்டதோ, சரியாக அந்த வேகத்தில் கையும் ஆட ஆசைப்பட்டது. ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி ஒவ்வொரு நெளிவும் அதைத் தள்ளியது. கார்ட்ரிட்ஜிலும் குற்றமில்லை, கையிலும் குற்றமில்லை. அவற்றைச் சேர்த்து வைத்தது நான்.

அந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகள் என்பது சரித்திரம் படித்தபின் தெரிந்தது. டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் 1918-இல் பேசும்படத்துக்கான கருவி செய்யத் தொடங்கிய கம்பெனி. அவர்கள் 1959-இல் கொண்டுவந்த எஸ்.பி.யூ. கார்ட்ரிட்ஜ், தலையோடு சேர்ந்து முப்பது கிராமுக்கு மேல். ஊசிப் பாரம் 4 கிராம், நெகிழ்வு 8-தான். கனமான நீளமான கை இருந்தால் ராஜா மாதிரி வாசிக்கும். ஜப்பானில் என்.எச்.கே. வானொலிக்காக டெனான் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய டி.எல்.103-உம் இந்த ஜாதிதான். ஊசிப் பாரம் இரண்டரைக் கிராம். வானொலி நிலையத்தில் நாளெல்லாம் ஓடவேண்டும், கையாள்கிறவன் முரடனாகவும் இருக்கலாம். அறுபது வருஷம் தாண்டி இன்றும் அதைச் செய்து விற்கிறார்கள்.

மறுபுறம் அமெரிக்காவின் ஷூர் 1964-இல் வி15 என்ற கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. ஒரு கிராம் பாரத்திலேயே ஊசி எந்த வரியிலும் விடாமல் ஓடவேண்டும் என்பது அவர்கள் லட்சியம். அதற்கு நெகிழ்வு அதிகம் வேண்டும். நெகிழ்வு அதிகமானால் கை லேசாக வேண்டும். அந்த லேசான கைக்குப் பெயர் போனது இங்கிலாந்தின் எஸ்.எம்.ஈ. அலஸ்டேர் ராபர்ட்ஸன்-எய்க்மன் என்பவர் 1946-இல் பொம்மை மாதிரிகள் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. தனக்கு ஒரு நல்ல கை வேண்டும் என்று அவர் செய்துகொண்டதைப் பார்த்து நண்பர்கள் கேட்க, 1959-இல் விற்பனைக்கு வந்தது. அவர் அதைத் தாங்க வைத்த விதம் என்ன தெரியுமா? கத்திமுனை! எங்கள் தொழிலில் நல்ல தராசின் கோலை எதில் நிறுத்துகிறோமோ அதே கத்திமுனையில் பாட்டுக் கையையும் நிறுத்தினார். ஒரு பழைய எஸ்.எம்.ஈ. கையை எண்பதுகளின் கடைசியில் ஒரு வங்காளி அன்பர் வீட்டில் பார்த்தபோது, என் தகப்பனாரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். விரலால் ஒருதரம் அசைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம சரக்குடா இது" என்றார்.

1970களில் லேசாக்கும் போட்டி உச்சத்துக்குப் போனது. எஸ்.எம்.ஈ.யின் மூன்றாம் வரிசைக் கையின் ஆட்ட எடை ஐந்து கிராம் அளவுக்கு வந்துவிட்டது. அதில் என் அமெரிக்கக் கார்ட்ரிட்ஜைப் போட்டிருந்தால் மொத்தம் 12, நெகிழ்வு 30, விடை 8.4 ஹெர்ட்ஸ். மாமியின் தட்டு பிழைத்திருக்கும். அதே லேசான கையில் டி.எல்.103 போட்டால் அது விறைத்துக்கொண்டு கையையே உலுக்கும். ஆக, எது உயர்ந்தது என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. 1980களில் இரண்டு கட்சியும் இறங்கி வந்தன. நெகிழ்வு 12 முதல் 20, கை 10 முதல் 12 கிராம் என்று ஒரு நடுவழி ஏற்பட்டது. இப்போது விற்கும் பெரும்பாலான டர்ன்டேபிள்கள் அந்த வழிதான். 1972-இல் வந்து, 2010-இல் நின்று, 2016-இல் மறுபிறவி எடுத்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200-இன் கையும் 12 கிராம். ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. எஸ்.எம்.ஈ. தன் கையைத் தனியாக விற்பதில்லை என்று 2019 கடைசியில் அறிவித்தது. குடும்பங்கள் எப்படியெல்லாம் பிரிகின்றன பாருங்கள்.

நம் வீடுகளில் இருந்தவை இந்த வம்சம் எதிலும் சேராதவை. ஃபியஸ்டா, கலிப்ஸோ என்று பெட்டி வடிவில் வந்தவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். திருப்பிப் போட்டால் ஒரு பக்கம் எல்.பி. ஊசி, மறுபக்கம் 78 ஊசி. பாரம் ஐந்தாறு கிராம். கல்யாண வீட்டில் மேஜை ஆடினாலும் பாட்டு நிற்காது. அது அந்தக் கருவியின் குணம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் தட்டு 78 சுற்று என்றால் எல்.பி. ஊசியில் போடாதீர்கள். அகலப் பள்ளத்தின் அடியில் அது புழுதியைக் கிளறிக்கொண்டு ஓடும். எல்.பி.யை 78 ஊசியில் போட்டால் அதைவிட மோசம், வரியின் மேல் விளிம்பையே நசுக்கிவிடும். நெளிந்த தட்டை வெயிலில் வைத்து நிமிர்த்தப் பார்க்கவேண்டாம். இதைச் செய்து கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். கையை மாற்றப் பணமில்லை, கார்ட்ரிட்ஜை மாற்றுவதென்று முடிவு செய்தேன். டி.எல்.103 பற்றிய தாளில் நெகிழ்வு 5 என்று போட்டிருந்தது. 20 கிராம் கை, எட்டரை கிராம் கார்ட்ரிட்ஜ், திருகாணி 1. விடை 13 ஹெர்ட்ஸ் வந்தது. மேலே போய்விட்டதே, இதுவும் பொருந்தாது என்று ஒரு வருஷம் சும்மா இருந்தேன். அப்புறம்தான் ஒரு பழைய பத்திரிகையில் கண்ணில் பட்டது. ஜப்பான்காரர்கள் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள், மற்றவர்கள் 10 ஹெர்ட்ஸில். ரப்பர் மெதுவாகத் தள்ளினால் அதிகம் வளையும், வேகமாகத் தள்ளினால் விறைக்கும். ஆகவே ஜப்பான் எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளவேண்டும். சேர் கணக்கைக் கிலோ என்று படித்த கதைதான். 10 என்று வைத்துப் போட்டால் 9.3 ஹெர்ட்ஸ். அந்தக் கனமான கை அதற்கென்றே செய்தது போல இருந்தது. 1988 துர்கா பூஜை சமயம் ஒன்று வாங்கி மாட்டினேன். குறைந்த அதிர்வுகளை வரிசையாகப் பதித்த சோதனைத் தட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது சொச்சத்தில் கை லேசாக நடுங்கிவிட்டு அடங்கியது.

மாமியைக் கூப்பிட்டேன். அதே தட்டு, அதே நெளிசல். ஊசி வரியை விடவே இல்லை. மிருதங்கத்தின் தொப்பி நாதம் என் அறையில் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. நான் போட்ட கோடு வந்ததும் டிக், டிக் என்றது. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. கோடு நாற்பது வரிகளைக் கடந்திருந்தது. நாற்பது டிக். மாமி தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார், அந்தச் சத்தத்துக்கு ஒருதரம்கூடக் கை தப்பவில்லை. முடிந்ததும், "இன்னொரு தரம் போடேன்" என்றார்.

1994-இல் மாமி காலமானார். பெங்களூரில் இருந்த மகன் வந்து வீட்டைக் காலி செய்தபோது, தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போதும் அதே கையில், அந்த டி.எல்.103-இன் மூன்றாவது வாரிசை மாட்டித்தான் போடுகிறேன். இரண்டாம் பக்கம், தனி ஆவர்த்தனம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் டிக் வரும். ஒன்றேகால் நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக வந்துவிட்டு நின்றுவிடும். பிறகு அவர் மோராவுக்குப் போகிறார்.